மாங்காய்க்கு மூன்று வருடம்

நாள், கிழமை குறித்துவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் தெருவில் எப்போது குழாய் பதித்தார்கள் என்பதுவரை டைரியில் இருக்கிறது. ஆனால் மாஜிஸ்திரேட் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மட்டும் "வெயில் அதிகம்" என்று ஒரே வரிதான். (அறையில் ஏசி ஓடியது.)

அப்போது நான் திண்டுக்கல்லில் வக்கீல். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் எல்லோருக்கும் சட்ட வகுப்பு நடத்தினேன். இந்தக் குற்றத்துக்கு இத்தனை மாதம் என்று நம் நீதிபதிகளுக்குத் திட்டமான அளவுகோல் கிடையாது. சட்டம் பெரும்பாலும் உச்சவரம்பைத்தான் சொல்கிறது. ஆகவே தண்டிக்கும் முன் குற்றவாளியைக் கேட்டே தீர வேண்டும். குழம்பில் உப்புக் கூடினால்கூட அம்மாவிடம், "தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று பயிற்சி எடுப்பேன். (கரண்டியைக் காட்டுவாள்.)

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவே அமர்ந்திருந்த அம்மையார் சாந்தமாகக் கேட்டார். ஒரு தோப்பில் ஒருவன் ஒரு மூட்டை மாங்காய் திருடியது நிரூபணமாகிவிட்டது. என்ன தண்டனை?

நத்தத்தில் எங்கள் தோப்பில் போன வருடம்தான் மூட்டை மூட்டையாகக் காய் களவு போயிருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மூன்று வருடம், மேடம்."

"உச்சபட்சமா? அவன் வயது என்ன என்று கேட்க மாட்டீர்களா?"

"மாங்காய் திருடுகிற வயதுதான், மேடம்."

"முன்குற்றம்?"

"போன வருடமும் இவன்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் தோப்பு, மேடம்."

மூன்று பேரும் குனிந்து எதையோ எழுதினார்கள். சொந்தத் தோப்பு வழக்கை நானே விசாரிக்கலாமா என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டபோதுதான் தரைக்கு வந்தேன். குற்றவாளியை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது படியிறங்கும்போது உறைத்தது.

ஊர் திரும்பிச் சாப்பிட உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அந்தக் களவாணியைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினாள். அப்பா மட்டும் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "களவெல்லாம் போகலப்பா. அம்புட்டுக் காயும் அக்கா வீட்டுக்கு நாந்தேன் ஏத்தி விட்டேன்" என்றார்.

அக்காவின் மாமியாருக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம் அது. ஆக, பெற்ற தகப்பனுக்கு மூன்று வருடம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். மாதக்கணக்கில் நான் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை.

"தண்டனை பத்தி நீங்க எதுவும் சொல்லணுமா?"

"மொதக் குத்தம். செத்த பாத்துப் போடு" என்றார் அப்பா.

தேர்வுப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. இன்றும் வக்கீல்தான். தண்டனைக் குறைப்புக்கு எழுந்தால் லேசில் உட்கார மாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அக்கா வீட்டுக்கு இப்போது அம்மாவே காய் பொறுக்கிக் கொடுக்கிறாள். மூட்டையோடு வண்டியில் ஏறும்போது அப்பா மறக்காமல் என்னிடம் சொல்லிக்கொள்வார்:

"வரட்டாப்பா. மூணு வருசம் உள்ள இருந்துட்டு வாரேன்."