உஜோங் பாசிர் மணலும் உங்கள் தங்கை மகளும்

மலாக்கா, காஜா பேராங்.
தாரண வருஷம், ஆடி 14.
(ஜப்பான் சர்க்கார் கணக்கில் 2604.)

சிரம்பான் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் உத்தியோகம் பார்த்து, ஊருக்கெல்லாம் ஊசி போட்டும் ஊரார் வசவு வாங்காத பெரும் பாக்கியம் படைத்த மைத்துனர் நடராஜன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியின் கணவன் கலியாணசுந்தரம் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பாக்கியமும் குழந்தை கோகிலாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதப் பேனா எழவில்லை. ஆனால் வழியில் இதைப் பிரித்துப் படித்து முத்திரை குத்துகிற அதிகாரி தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதால், சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

மச்சான், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போன கடிதத்தில் கடைசியாக ஒரு வரி எழுதினீர்களே, மணலில் பூனை அசிங்கம் பண்ணினால் அதில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு வயிற்றில் பூச்சி பிடிக்கும், ஜாக்கிரதை என்று, அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெரிய மரப்பெட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும். சண்டை வருவதற்கு முன்னால், குண்டு விழுந்து தீப்பிடித்தால் அள்ளிப் போட்டு அணைக்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் மணல் நிரப்பி வைத்தது. குண்டும் விழுந்தது, வெள்ளைக்காரனும் போனான், அந்த மணலை ஒருவரும் ஒரு பிடிகூட அள்ளிப் போடவில்லை. இந்த இரண்டரை வருஷமாக அது பிள்ளைகளின் சொத்து. பள்ளிக்கூடம் இல்லை, பொம்மை இல்லை, வயிற்றுக்கே சரியாக இல்லை, மணலாவது இருக்கட்டும் என்று எல்லாத் தாய்மாரும் விட்டுவிட்டார்கள். நானும் விட்டிருப்பேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையில் அந்தப் பெட்டிக்குள் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

அன்றே சல்லடையை எடுத்துக்கொண்டு போய் மணலைச் சலித்தேன். உடைந்த ஜன்னல் கண்ணாடி எட்டுத் துண்டு, துருப்பிடித்த ஆணி, கோழி எலும்பு, யாரோ ஒருவருடைய கீழ்வரிசைப் பொய்ப்பல், இவை போகப் பூனையின் கைங்கரியம் ஆறு இடத்தில். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதற்குள்ளேயா என் குழந்தை வீடு கட்டினாள்! பாக்கியம், "அதான் சலிச்சிட்டீங்கல்ல, விடுங்க" என்றாள். பூச்சியின் முட்டை சல்லடையில் நிற்குமா, டிரெஸ்ஸரின் தங்கைக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டு, மணலைக் கொதிக்க வைப்பது என்று தீர்மானித்தேன். வீட்டில் இருந்தது ஒரே மண்சட்டி, மரவள்ளிக்கிழங்கு அவிக்கிற சட்டி. முதல் ஈடு மணல் கொதித்தது. இரண்டாம் ஈட்டில் சட்டி படீரென்று பிளந்து, மணல் அடுப்பில் கொட்டி, அடுப்பு அணைந்தது. தீயை அணைப்பதற்கென்று வைத்த மணல் மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் கடமையைச் செய்தது. அன்றைக்குக் கிழங்கைச் சுட்டுத் தின்றோம்.

மிச்ச மணலைச் சாக்கடையில் கொட்டினேன். அன்று மாலை பெய்த மழையில் சாக்கடை அடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மல்லிகாவின் சர்க்கரைவள்ளிப் பாத்தி மூழ்கிவிட்டது. மல்லிகா யாரென்றால், புக்கிட் காதில் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த சுப்பையனின் மனைவி. சுப்பையனைப் போன வருஷம் சயாம் பக்கம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், தகவல் இல்லை. ஆறு வயதுப் பெண் விஜயாவை வைத்துக்கொண்டு அந்தப் பாத்தியை நம்பித்தான் இருக்கிறாள். "அண்ணே, எம்புள்ள வயித்துக்குள்ள பூச்சி வரக்கூடாதுன்னு இப்படிப் பண்ணுனீங்களா? இனிமே வயித்துக்குள்ள ஒண்ணுமே வராது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆகவே மச்சான், பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு நடமாடுவது? கடல் மணலைப்போல் சுத்தமான மணல் உலகத்தில் இல்லை என்று நினைத்து, இரண்டு சாக்கைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் உஜோங் பாசிருக்குப் போனேன். டயருக்குப் பதில் ரப்பர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றியிருப்பதால் சைக்கிள் போகிற சத்தம் கோயில் மேளம்போல் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். கடற்கரையில் தண்ணீருக்குத்தான் காவல் என்று நினைத்திருந்தேன், மணலுக்கும் காவல் என்பது எனக்குத் தெரியாது. ஒரு சாக்கு நிரப்பி முடிக்கும்போது பின்னாலிருந்து "பாக்கேரோ!" என்று ஒரு ஜப்பான் சிப்பாயின் அதட்டல், திரும்புவதற்குள் கன்னத்தில் ஒன்று. குனிந்து கும்பிட்டேன். இன்னொன்று விழுந்தது. குனிந்த அளவு போதவில்லை போலும். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. "அனாக், அனாக் மாயின்", குழந்தை விளையாட என்று மலாயில் சொல்லிப் பார்த்தேன். அதுவும் அவனுக்கு ஏறவில்லை. துப்பாக்கியைச் சாக்கின் பக்கம் காட்டி ஏதோ கேட்டான். உயிர் போய்விடும் என்று தெரிந்ததும் வெட்கம் போய்விட்டது மச்சான். நாற்பத்தொரு வயதில், ரப்பர்க் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த நான், கடற்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலைக் குவித்து, தட்டி, விரலால் வாசல் வைத்து வீடு கட்டிக் காட்டினேன். அவன் பார்த்தான். காலால் கலைத்தான். மறுபடி கட்டச் சொல்லிக் கை காட்டினான். கட்டினேன். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அவர்களுக்காகவும் ஒன்று கட்டினேன். மூன்று பேரும் சிரித்து முடித்த பிறகு, மணல் அள்ளுவதில் எனக்குள்ள ஆசையை மதித்து, அவர்களுடைய காவல் மேட்டுக்கு முப்பது மூட்டை நிரப்பச் சொன்னார்கள். வெயில் சாய்கிற வரைக்கும் நிரப்பினேன். கடைசியில் என் சாக்கையும் சைக்கிளையும் காலால் தள்ளிவிட்டு, போ என்றார்கள்.

தெருவுக்குள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பாக்கியம் கோகிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பெட்டியில் மணலைக் கொட்டினேன். பெட்டியின் அடிப்பாகம்தான் நிறைந்தது, ஆனால் என்ன வெள்ளை! தாய்மார்கள் கூடிவிட்டார்கள். என் மணல்மேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. எப்படியோ நம்பவைத்தேன், அதை விவரிப்பதற்கில்லை. மறுநாள் காலை தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் உள்ளே இறங்கினார்கள். நான் நிம்மதியாகக் கிழங்குக் கொல்லைக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் தெருவில் சத்தமே இல்லை. ஐந்து பிள்ளை விளையாடுகிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்? ஓடிப்போய்ப் பார்த்தேன். வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு குவியல். விரலை எச்சில் பண்ணி, மணலில் தொட்டு, சப்பிக்கொண்டிருந்தார்கள். கோகிலாவின் வாயைச் சுற்றி மீசைபோல் மணல். தூக்கி வாயைத் துடைத்து, "ஏம்மா மண்ணைத் தின்ற?" என்று கத்தினேன்.

"உப்பா இருக்குப்பா" என்றாள்.

மச்சான், கடலுக்கு மூன்று மைலில் குடியிருந்துகொண்டு உப்பு இல்லாமல் அலைகிறோம். கடையில் வருவதில்லை, கடல் தண்ணீர் எடுக்கப் போனால் அடி. வெறும் கிழங்கை அவித்து வைத்தால் குழந்தை இரண்டு வாய்க்குமேல் தின்பதில்லை. இத்தனை நாள் பூனை மணலில் விளையாடினார்களே தவிரத் தின்னவில்லை. நான் கொண்டுவந்த சுத்தமான மணலைத்தான் தின்றார்கள்.

இப்படியொரு கெட்ட பழக்கம் நம் குழந்தைக்குத் தானாக வந்திருக்காது என்று எனக்குத் தோன்றிற்று. பெட்டியில் வயதில் மூத்தவள் விஜயாதான். அவள்தான் தின்று காட்டியிருப்பாள், தகப்பன் இல்லாத வளர்ப்பு அப்படி என்று மல்லிகாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மல்லிகா விளக்குமாற்றை எடுத்து விஜயாவை விளாசிவிட்டாள். அந்தப் பெண், "நான் இல்லம்மா, நான் இல்லம்மா" என்று அழுதது எங்கள் வீட்டுக்குள் கேட்டது.

அந்த அழுகையைக் கேட்டு எதிர்வீட்டு மீனாச்சியம்மாள் வந்தார். அவர் மலாக்காச் செட்டி வம்சம், நம்மைப்போலவே விபூதி பூசுவார், கோயிலுக்கு வருவார், பேச்சு மட்டும் மலாய். விஷயத்தைக் கேட்டவர், பெட்டியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆயோ, மாசின்!" என்றார். உப்புக் கரிக்கிறது என்று அர்த்தம். நேரே வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். மணலை அள்ளி, தண்ணீர் விட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் கிழங்கை அவித்தார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் டப்பாவோடு வந்துவிட்டது. சாயங்காலம் பெட்டிக்குள் பலகை தெரிந்தது. பாக்கியமும் ஒரு சிரட்டை கொண்டுவந்திருந்தாள். அன்றைக்குக் கோகிலா ஒரு முழுக் கிழங்கைத் தின்றுவிட்டு, "இன்னும் குடும்மா" என்றாள். மறுபடி கேட்டாள். நான் பாக்கியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, அவளும் என்னைப் பார்க்கவில்லை. இருவர் பல்லிலும் மணல் நறநறவென்றது.

அதற்கப்புறம் வந்ததுதான் தண்டனை. இரண்டு நாள் குழந்தைக்கு வயிற்று வலி. வயிறு கல்லாக இருந்தது, வெளிக்குப் போகவில்லை. விளக்கெண்ணெய் கிடைக்கவில்லை. பப்பாளிப் பழத்தைக் கரைத்துக் கொடுத்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். நான் மடியில் போட்டுக்கொண்டு வேண்டாத சாமியை எல்லாம் வேண்டினேன். பூச்சிக்குப் பயந்து குழந்தையைக் கொன்றவன் என்று ஊர் சொல்வது காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில், நீங்கள் டிரெஸ்ஸர் என்பதால் கூச்சமின்றி எழுதுகிறேன், மணல் வந்தது. கொண்டாடுவதற்கு இந்தக் காலத்தில் எதெல்லாம் இருக்கிறது பாருங்கள். பாக்கியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். இப்போது குழந்தை எழுந்து நடமாடுகிறாள், ஆனால் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வயிற்றில் இன்னும் மணல் தங்கியிருக்குமா, அதனால் பின்னால் ஏதாவது வருமா என்று தயவுசெய்து எழுதவும். பூச்சி மருந்து கைவசம் இருந்தால், யார் மூலமாகவாவது அனுப்பவும். அப்படியே, குழந்தைகள் கூடாத சேர்க்கையால் கெட்டுப்போவதைப் பற்றி உங்கள் தங்கைக்கு நாலு வரி எழுதினால் நல்லது, நான் சொன்னால் எடுபடுவதில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு, எங்கே விளையாடினாலும் அந்த இடம் அவர்களைத் தாங்கட்டும் என்று என் ஆசீர்வாதம். இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்த அதிகாரிக்கும் வணக்கம், நான் மணல் அள்ளியது ஒரு சாக்குத்தான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
கலியாணசுந்தரம்

பி.கு.: கவரை ஒட்டும் முன்னால் பாக்கியம் வாங்கிப் படித்தாள். "எல்லாம் எழுதியிருக்கீங்க. மொதல்ல தின்னது யாருன்னு மட்டும் எழுதல. கோகிலா என்கிட்ட சொல்லிட்டா" என்றாள். ஆகையால் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் தாய்மார்கள் என் மணலை நம்பாதபோது, பாருங்கள் எவ்வளவு சுத்தம் என்று எல்லார் முன்னாலும் ஒரு சிட்டிகையை நான் வாயில் போட்டுக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் போன பிறகு இன்னொரு சிட்டிகை போட்டேன். பிறகு இன்னொன்று. கோகிலா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உப்பு நாக்கில் பட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது மச்சான். ஆகவே விஜயாவைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும், மல்லிகாவிடம் நான் இப்போதே போய்ச் சொல்ல வேண்டும். பூச்சி மருந்து வேண்டாம். அங்கே உப்புக் கிடைத்தால் ஒரு கைப்பிடி அனுப்பவும். குழந்தைக்காக என்று எழுதத்தான் நினைத்தேன். பாக்கியம் பக்கத்தில் நிற்கிறாள், எழுத முடியவில்லை.