பொம்மையைத் தின்றவள்

தப்பு உங்கள் மேல்தான், அதிகாரி ஐயா. பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "அந்த உத்தரவு நான் போட்டதில்லை, எனக்கு முன்னே இருந்தவர் போட்டது" என்பீர்கள். அவரைக் கேட்டால், "எனக்குப் பின்னே வந்தவர்" என்பார். கையெழுத்து மட்டும் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி தானாக முளைத்தது போலும்! ஆனால் மெட்ராஸிலிருந்து தஞ்சாவூருக்கு முதல் வகுப்பில் காலை நீட்டிப் படுத்து வந்தீர்களே, கையில் ஒரு வார இதழ் வைத்திருந்தீர்களே, அதை உங்களை யார் வாங்கச் சொன்னது? சரி, வாங்கினீர்கள். படித்தீர்கள். படித்ததோடு விட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

'1940களில் நீங்கள் விளையாடிய பொம்மை எது? உங்கள் குணம் இதோ!' என்று அதிலே ஒரு கட்டுரை. அப்போது அது ஒரு மோஸ்தர். மெட்ராஸில் சம்பந்தம் பேசப் போனவர்கள்கூட ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பையன் சின்ன வயசிலே பம்பரமா, நடைவண்டியா?" என்று கேட்டார்களாம். கேட்கட்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணம், அவர்கள் பாடு. நீங்கள் அதைக் கொண்டுவந்து எங்கள் ஊர் நிலத்தில் அல்லவா நட்டீர்கள்!

விஷயம் சாதாரணமானது. மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குக் கிழக்கே கோணவாய்க்கால் என்று ஒரு ஊர். அந்த ஊர்ப் பண்ணையார் காயாரோகணத்திடம் உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எடுத்ததை நிலமில்லாத கூலிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று சட்டம். சட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சோற்றுப் பானைக்குப் போட்ட பித்தளை மூடி மாதிரி பளபளவென்று இருந்தது. திறந்து பார்த்தால்தான் சங்கடம்.

அந்த நிலத்தின் கடைசித் துண்டு மூணு மா. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒரு ஏக்கர். தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். கோரை மண்டி, நண்டு வளையும் பாம்புப் புற்றுமாகக் கிடந்தது. பண்ணை மாடுகூட அதிலே வாய் வைக்காது. காத்தாயி அதிலே இறங்கினாள். கோரையைக் கிழங்கோடு பிடுங்கினாள், வரப்பு போட்டாள், கூடை கூடையாகச் சாணி சுமந்தாள். இந்த வருஷம் சம்பா கதிர் தலை சாய்த்து நிற்கிறது. பட்டா யார் பேரிலோ, அறுப்பு அவர்களுக்கு. அதனால் தை பிறப்பதற்குள் அந்தப் பட்டா காத்தாயிக்கு வந்தாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காத்தாயியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நடவுக்கூலி பேச அவளைத்தான் முன்னே விடுவார்கள். மற்றவர்கள் கேட்டால் பிச்சை, காத்தாயி கேட்டால் பேரம் என்பது ஊர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதித்ததில்லை. பண்ணையாரின் காரியஸ்தர் அளந்த மரக்காலில் அடி உள்வாங்கியிருப்பதைப் பார்த்துப் பார்த்தே கணக்குப் படித்தவள்.

அந்தக் காத்தாயியிடம்தான் கட்சிக் கிளைச் செயலாளர் கலியபெருமாள் கரைவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, உத்தரவு வந்துடுச்சி! நிலம் குடுக்குறதுக்குக் குணம் பாக்கப் போறாங்களாம்."

"பாக்கட்டுமே. குனிஞ்சு நாலு குத்து நடச் சொன்னா தெரிஞ்சுடும்."

"அப்படி இல்லக்கா. சின்ன வயசுல என்னா பொம்மை வச்சிருந்தோமோ, அதைக் கேட்டுக் குணத்தைக் கண்டுபுடிப்பாங்களாம். விஞ்ஞானம்!"

காத்தாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கலியபெருமாளு, வெயில்ல வந்தியா?"

ஆனால் உத்தரவு உண்மை. 'நிலம் பெறத் தகுதியுடையோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரின் குணநலன்களை அன்னாரின் பால்ய காலப் பொம்மையைக் கொண்டு அறுதியிட்டு, தகுதியற்றோரைக் களைந்து, ஆவன செய்க' என்று அதிலே இருந்தது. ஆவன என்றால் ஆகவேண்டியது என்று அர்த்தமாம். யாருக்கு ஆகவேண்டியது என்று மட்டும் போடவில்லை.

ஊரே பொம்மைக்கு அலைந்தது. திருவிழாவில் வளையலும் பொம்மையும் விற்கிற ஜன்னத் பீவியின் கூடை மாயவரம் போய்ச் சேருவதற்குள் காலியானது. கலியபெருமாள் தன் வீட்டுக் கொட்டகையில் 'பால்யப் பயிற்சி நிலையம்' என்று பலகை மாட்டினான். அங்கே நாற்பது வயது ஆண்கள் வரிசையாக நடைவண்டி தள்ளினார்கள். பொம்மை வாங்க வழியில்லாதவர்களுக்கு அதை வாடகைக்கும் விட்டான்.

"நீங்களும் ஒரு தகரக் காரு எடுத்துக்குங்கக்கா. வாடகை குறைச்சுக்கறேன்."

"ஏண்டா, எனக்கு இல்லாத வயசுக்கு நான் வாடகை குடுக்கணுமா?" என்றாள் காத்தாயி. "குடிசை நிக்குற மண்ணுக்கே பண்ணைக்குப் பதில் சொல்லி மாளல."

குறித்த நாளில் தனித் தாசில்தார் வைத்தியலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு, பச்சை விரிப்பு விரித்து, அதன்மேல் பொம்மைகளை அணிவகுத்து வைத்தார்கள். நடுநாயகமாகத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. தாசில்தார் அதற்கு ஒரு வணக்கம் போடாததுதான் பாக்கி.

முதலில் அம்சம் போனாள். காத்தாயிக்கு அடுத்த வீட்டுக்காரி. வாடகைக் காரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள்.

"எனது பால்யத்தில் நான் தகர மோட்டார் கார் வைத்து விளையாடினேன் ஐயா. எனவே எனக்கு முன்னேற்றத்தில் நாட்டம் உண்டு ஐயா."

"என்ன கலர்?"

அதைக் கலியபெருமாள் சொல்லிக் கொடுக்கவில்லை. "செவப்புங்கய்யா."

தாசில்தார் நிமிர்ந்தார். "சிவப்பா? யார் வாங்கிக் கொடுத்தது? செங்கொடிச் சங்கத்துக்காரங்களா?"

"இல்லைங்கய்யா! பச்சை! பச்சைங்கய்யா!"

"முதலில் சிவப்பு, பிறகு பச்சை. நிலையற்ற மனம்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். "இவங்ககிட்ட நிலத்தைக் குடுத்தா இன்னைக்கு நெல்லும்பாங்க, நாளைக்கு உளுந்தும்பாங்க. அடுத்த ஆளு."

நெல் அறுத்த தாளடியில் உளுந்து தெளிப்பதுதான் இந்தச் சீமையில் வழக்கம் என்று அவரிடம் யார் சொல்வது? அம்சம் அழுதுகொண்டே காரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

காத்தாயி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"நீ என்னம்மா பொம்மை வச்சிருந்தே?"

"நண்டு."

"என்னது?"

"வயல் நண்டு சார். வளையில கையை விட்டுப் புடிச்சு, வாழைநாரைக் கட்டி இழுத்துட்டுப் போவோம். நல்லா ஓடும்."

தாசில்தார் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா கூரையைப் பார்த்தார். நண்டைப் பற்றி வார இதழில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அரசாங்கம் என்றால் யோசித்து ஒரு முடிவுக்கு வரத்தானே வேண்டும்?

"நகரும் பொம்மை வகையில் சேர்த்துக்குங்க. ஆனா பக்கவாட்டில் நகர்வது. நேர்வழியில் போகாத சுபாவம்." பிறகு காத்தாயியிடம், "மேற்படி நண்டு இப்ப எங்கே? சில பேர் அந்தக் காலத்துப் பொம்மையை இன்னும் பீரோவுல வச்சிப் பாதுகாக்கிறாங்க, தெரியுமில்ல?"

"பொழுது சாஞ்சதும் அம்மா அதை வாங்கிக் குழம்புல போட்டுடும்."

தாசில்தார் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

"பொம்மையைத் தின்னுட்டியா?"

"பின்னே, அதுக்கு நாங்க சோறு ஊட்டணுமா?"

"எழுதுங்க" என்றார் தாசில்தார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். "தனக்குக் கிடைத்த உடைமையைத் தானே தின்று தீர்க்கும் குணம். ஏம்மா, உனக்கு நிலம் குடுத்தா என்ன செய்வே?"

"தின்னுவேன் சார்."

"பாத்தீங்களா! வாயாலேயே சொல்லிட்டா!"

"வெளையுறதைத் திங்காம? பீரோவுல வச்சிப் பாக்கவா நெல்லு வெளைய வைக்கிறோம்?"

"வேற பொம்மையே கிடையாதா உனக்கு?"

"களிமண்ணுல மாடு செஞ்சிருக்கேன்."

"களிமண் ஏது?"

"வாய்க்கால் கரையிலதான்."

"அது பொதுப்பணித் துறை மண். அனுமதி வாங்கினியா?"

"அப்ப எனக்கு ஆறு வயசு சார்."

"ஆறு வயசிலேயே ஆக்கிரமிப்பு" என்று தாசில்தார் பெருமூச்சு விட்டார். "விளையும் பயிர்!"

காத்தாயிக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கை இடுப்புக்குப் போனது. கூலி பேசும்போது அவள் கை இடுப்புக்குப் போனால் எதிராளி அரை மரக்கால் ஏற்றித் தருவது வழக்கம். தாசில்தாருக்கு அந்த வழக்கம் தெரியாது.

"நீங்க சின்ன வயசுல என்னா வச்சிருந்தீங்க சார்?"

அந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது. தலையாட்டிப் பொம்மையை விரலால் தள்ளினார். அது சாய்ந்து, ஆடி, நிமிர்ந்தது. "இதேதான். எந்தப் பக்கம் தள்ளினாலும் விழாது. நிதானம். அரசு அலுவலுக்கு உகந்த பொம்மை."

காத்தாயி குனிந்து பார்த்தாள். "அவங்க தள்ளினாலும் தலையை ஆட்டுது, இவங்க தள்ளினாலும் ஆட்டுது. எந்திரிச்சி ஓரடி எடுத்து வச்சதுண்டா சார்? நண்டாவது நாலு முழம் போவும்."

சன்னலுக்கு வெளியே ஊர் சிரித்தது. டவாலி சேவகன்கூட வாயைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பண்ணையார் காயாரோகணம் இறங்கினார். பின்னாலேயே ஒரு ஆள் காலொடிந்த மரக்குதிரை ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். தாசில்தார் எழுந்து நின்றார். குமாஸ்தாவும் எழுந்தார். தலையாட்டிப் பொம்மைக்கு மட்டும் எழ வழியில்லை.

"நானும் விண்ணப்பிக்கிறேன்" என்றார் பண்ணையார். "என் பேரில் இன்றைய தேதிக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நான் நிலமற்றவன்."

வாஸ்தவம். சட்டம் வருவதற்கு முன்னாலேயே காலமான பெரியப்பா பேரில் ஒரு வேலி, அதாவது இருபது மா, பிறக்கப்போகிற பேரன் பேரில் ஒரு வேலி, பால் கறக்காத பசுமடத்தின் பேரில் ரெண்டு வேலி என்று எழுதி வைத்துவிட்டார். பாவம், அவருக்கென்று மிஞ்சியது அந்தக் காரும் குதிரையும்தான்.

தாசில்தார் குதிரையைத் தடவிக் கொடுத்தார். "மரக்குதிரை! தலைமைப் பண்பு. ஒப்படைத்ததைக் காப்பாற்றும் குணம். பாருங்க, இத்தனை வருஷமா வச்சிருக்கார். தின்னலையே!"

"சார்" என்றாள் காத்தாயி. "அந்தக் குதிரை தானா ஆடாது."

"அதனால்?"

"பண்ணையார் மேல உக்காந்திருந்தாரு. பின்னால நின்னு பொழுதுக்கும் ஆட்டினவரு எங்கப்பா. அந்தக் குணத்தை யாரு கணக்குல எழுதுவீங்க?"

"ஏ காத்தாயி, நாவை அடக்கு" என்றார் பண்ணையார்.

"ஆட்டியவர் விண்ணப்பிக்கவில்லையே" என்றார் தாசில்தார்.

"செத்துட்டாருங்க."

"அப்ப என்ன செய்யமுடியும்?"

"பண்ணையாரோட பெரியப்பாவும்தான் செத்துட்டாரு. அவருக்கு மட்டும் ஒரு வேலி எப்படி சார் இருக்குது?"

இந்த இடத்தில் விசாரணை மதிய உணவுக்காக ஒத்திவைக்கப்பட்டது. உணவு பண்ணையார் வீட்டில்.

பத்து நாளில் முடிவு வந்தது. முழுக்க முழுக்கக் கருணை. 'கோணவாய்க்கால் கிராமத்துக் கூலித் தொழிலாளர் எவருக்கும் அங்கீகரிக்கத்தக்க பால்யம் இல்லை எனக் கண்டறியப்பட்டு அரசு மிகவும் வருந்துகிறது. வருங்காலச் சந்ததியினரேனும் தகுதி பெறும் பொருட்டு, கடைமடையிலுள்ள மூணு மா நிலம் சிறுவர் விளையாட்டுப் பூங்காவாக மாற்றப்படும். மரக்குதிரையை நன்கொடையாக அளித்த திரு. காயாரோகணம் அவர்கள் அதன் அறக்காவலராக இருந்து, மேற்படி நிலத்தையும் அதிலுள்ள பயிர் பச்சைகளையும் நிர்வகிப்பார்.'

பயிர் பச்சை என்றால் காத்தாயியின் சம்பா.

கால்கோள் விழாவுக்கு மைக் செட் வந்தது. கலியபெருமாள் முழங்கினான்: "குழந்தைப் பருவமே இல்லாத பாட்டாளிகளுக்குக் குழந்தைப் பருவத்தை வழங்கிய பொற்கால ஆட்சி!" கைதட்டல் குத்தாலம் வரை கேட்டது. யார் தட்டினார்கள் என்கிறீர்களா? எல்லாரும்தான். சன்னலுக்கு வெளியே சிரித்த அதே ஊர், அதே கை. வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிலுகிலுப்பை இலவசம். அதற்கு ஒரு வரிசை, வரிசைக்குள் ஒரு அடிதடி.

அம்சம் தன்னுடையதைக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.

"என்னாடி ஆட்டுறே? என் பயிரு போவுது, நீ கிலுகிலுப்பை ஆட்டுறே?"

"சத்தம் நல்லா இருக்குக்கா" என்றாள் அம்சம். பிறகு கொஞ்சம் நாணத்தோடு, "இனிமே யாராச்சும் கேட்டா என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சின்னு சொல்லிக்கலாமில்ல?"

இடுப்புக்குப் போன காத்தாயியின் கை இறங்கியது. எத்தனையோ பேரங்களில் அது இறங்கியது அன்று ஒரு நாள்தான்.

இப்போது அந்த ஊரில் கூலி வேலைக்குப் போகிற பெண்களில் பம்பரக்காரி பக்கத்தில் நடைவண்டிக்காரி நிற்க மாட்டேன் என்கிறாள். பெண் கேட்டுப் போகிறவர்கள் கிலுகிலுப்பை உண்டா என்கிறார்கள். காத்தாயி தன் பங்குக் கிலுகிலுப்பையைக் கொம்பில் கட்டி, குருவி விரட்ட வயலில் நட்டுப் பார்த்தாள். குருவி பயப்படவில்லை. வெறும் சத்தத்துக்கு அதுவும் பழகிவிட்டது.

கதிர் முற்றிவிட்டது. இனி நின்றால் மணி கொட்டும். பண்ணையார் அறுப்புக்கு ஆள் பேசிவிட்டார். காத்தாயி அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டாள். போலீஸ் வேன் பாலத்தடியில் நிற்கிறது. மூன்றும் ஒரே விடியலில் அந்த மூணு மாவில் சந்திக்கும்போது, "எனக்கு முன்னே இருந்தவர்" என்று நீங்கள் யாரைக் காட்டுவீர்கள்?

அதற்குள் வாங்க. வருகிற வழியில் எந்த இதழையும் வாங்காமல் வாங்க. வந்து வரப்பில் நில்லுங்க, செருப்பைக் கழற்றிவிட்டு. பொம்மைக்குப் போட்டீர்களே, அதே கையெழுத்து போதும். மூணு மா, காத்தாயி பேரில். போடுங்க ஐயா. இப்பவே போடுங்க.