அடுப்புக்குப் பின்னால் வெள்ளை ஓடு

தென்காசியில் பாதிப் பேருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் பிச்சைமணி. வீட்டுக்குள் அவர் மட்டும் பத்திரமாக இல்லை. கால் விரலில் பட்ட சின்னக் காயம் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. "இனிப்பைத் தொட்டா விரலை எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவி குழல்வாய்மொழி போலீஸாகிவிட்டாள்.

விரல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் குழல்வாய்மொழி. இரண்டையும் மீறி நாக்கு இழுத்தது. அவள் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது பூனைபோல் பின்னால் வந்து, எதிர்ப்பக்கத்து ஜாடியிலிருந்து ஒரு அச்சுவெல்லம் எடுப்பார். கஷ்டம் என்னவென்றால், அவள் அங்கே ரொம்ப நேரம் நிற்பதில்லை. கரியும் எண்ணெயும் அப்பிய அந்தச் சுவரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அறுபத்திரண்டாம் வருஷச் சாரலுக்குக் குற்றாலம் போனபோது, தெரிந்தவர் பங்களாவில், அடுப்புக்குப் பின்னால் நீலப்பூப் போட்ட வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்திருந்தார்கள். குழல்வாய்மொழி அதைத் தடவிக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். பிச்சைமணிக்குப் பொறி தட்டியது. இதை வீட்டில் பதித்துவிட்டால் இவள் சுவரைவிட்டுத் திரும்பவே மாட்டாளே!

கொல்லத்துக்கு எலுமிச்சை ஏற்றிப் போன புளியங்குடி லாரி, திரும்புகையில் ஓடு கொண்டுவந்தது. கொத்தனார் மாடன் பதித்துக் கொடுத்தார். அடுப்படிக்கே பொழுது விடிந்தது மாதிரி ஆயிற்று.

"ஏங்க, கடுகு தெறிச்சதைப் பாத்தீங்களா? ஈரத்துணியால ஒரே இழுப்பு. போயிட்டு! இனிமே வெள்ளையடிக்க வேண்டாம், கரப்பான் ஒண்டாது. அந்த நீலப்பூவாலயே அடுப்படிக்கு ஒரு லெச்சணம் வந்துட்டு."

"ஒனக்காகத்தானே செஞ்சேன்" என்றபடி பிச்சைமணி ஜாடிக்குள் கையை விட்டார்.

அவள் திரும்பவில்லை. "வெல்லத்த வச்சிருங்க."

வைத்தார்.

மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, கைக்கொன்றாக எடுத்தார்.

"இடது கையில உள்ளதையும் வைங்க" என்றாள், தோசையைப் புரட்டியபடி. தலை அசையவில்லை.

பிச்சைமணிக்கு முதுகு நனைந்தது. இவளுக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது! அன்றைக்கு எழுதிய கிரயப் பத்திரத்தில், நிலத்தின் நான்கு எல்லையிலும் 'குழல்வாய்மொழி' என்று எழுதித் தொலைத்தார். வேலையைப் போட்டுவிட்டுக் கீழப்பாவூருக்கு ஓடினார். நரசிம்மர் முன்னால் விழுந்து எழுந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வீட்டுக்குள் மெல்ல நுழைந்தார்.

"பொட்டு கோணலா இருக்கு" என்றாள் குழல்வாய்மொழி, சுவரைப் பார்த்தபடியே ரசத்தை இறக்கிக்கொண்டு.

பிச்சைமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயே! எல்லாத்தையும் சொல்லிருதேன். ஞாயித்துக்கிழமை குத்தாலம் போறது குளிக்க இல்ல, அல்வா திங்க. ஆபீஸ் மேசையில பூட்டி வச்சிருக்கது பத்திரம் இல்ல, பால்கோவா. ஒங்க அம்மை குடுத்துவிட்ட அதிரசத்த எறும்பு தின்னுட்டுன்னு சொன்னேன்லா... அந்த எறும்பு நாந்தான்!"

குழல்வாய்மொழி இப்போதுதான் திரும்பினாள். அவரைத் தூக்கி நிறுத்தி, தாடையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பளபளத்த ஓட்டில், நீலப்பூவுக்குப் பக்கத்தில், கோணல் பொட்டும் வேர்வையுமாக ஒரு முகம் முழித்தது. அதற்குப் பின்னால் வெல்ல ஜாடியும் தெளிவாகத் தெரிந்தது.

"இதுல எனக்கு வெல்லம் மட்டுந்தான் தெரிஞ்சுது. அல்வா, இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."