மாமாவின் தோளில் இருந்த கை

என் மனைவியின் பெரியப்பாவை நான் ஒருமுறை அழித்திருக்கிறேன். முழுவதுமாக அழிக்கவில்லை என்பதுதான் பிரச்சினையாகிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோப்பன்ஹேகனில் வேலை, தனி அறை, மாலைப் பள்ளியில் ஐந்து வாரம் படத் திருத்த மென்பொருள் படித்த செருக்கு. படத்தில் எதை எடுத்துவிடலாம் என்று முதலில் பாருங்கள் என்றார் அந்த வகுப்பை நடத்திய டேனிஷ் பெண்மணி. மற்றவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் அந்த மதத்துக்கே மாறிவிட்டேன். அறையில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, நாலு வெள்ளைச் சுவர். தர்ஷினிக்கும் எனக்கும் கல்யாணம் பேசி முற்றாகி, அவளுடைய அம்மா முதன்முதலாக என் அறைக்கு வந்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாமான்கள் இன்னும் வந்து சேரேல்லையோ?" என்று கேட்டார். (பாவம், ரசனை தெரியாத மனுசி என்று நினைத்துக்கொண்டேன். நினைப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை.)

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஹேர்னிங் என்ற ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தர்ஷினியின் அப்பா, அதாவது எனக்கு மாமா, ஆலையில் இருந்து ஓய்வு பெற்றதற்கு மகள் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு குடும்பப் படம்.

"தம்பி, நீங்கள் உதெல்லாம் படிச்சனீங்கள்தானே. இந்தப் படத்தை வால்பேப்பராப் போட்டு விடுங்கோ. திறந்த உடனை தெரியவேணும்."

இரண்டு தரம் சொடுக்கினால் முடிகிற வேலை. நானோ, "விடுங்கோ மாமா, நான் வடிவாச் செய்து தாறன்" என்று படத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

படத்தில் பதினேழு பேர் புல்தரையில் நின்றார்கள். பின்னால் பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பம், புல்வெட்டும் மிஷின், ஒரு பச்சைக் குப்பைத் தொட்டி. பதினேழு முகம் இருக்க, என் கண் போய் விழுந்தது குப்பைத் தொட்டியில். அதை எடுத்தேன். எடுப்பது என்றால், பக்கத்தில் இருக்கும் புல்லை நகல் எடுத்து அதன் மேலே பூசி மூடிவிடுவது. தொட்டி போன இடம்தான் எவ்வளவு அமைதி! கொடிக்கம்பத்தை எடுத்தேன், மிஷினை எடுத்தேன். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு நின்ற ஒரு மச்சானை எடுத்தேன். அவர் போனதும் அவருடைய மனைவி தனியாக நிற்கிறாரே என்று இரக்கப்பட்டு அவரையும் எடுத்தேன். பிறகு பிள்ளைகளை மட்டும் யாரிடம் விடுவது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் முழுக்க இதே வேலை. கடைசியில் மாமாவும் மாமியும் மட்டும் வலது ஓரத்தில் நின்றார்கள். மிச்சமெல்லாம் புல்லும் வானமும். ஐகான்கள் வருவதற்கு இடது பக்கம் வெறுமையாக வேண்டும் என்பதால், மாமாவுக்கு இடப்பக்கம் ஒட்டி நின்ற பெரியவரையும் எடுத்துவிட்டேன். அவர் மாமாவின் அண்ணன், தர்ஷினியின் பெரியப்பா, எனக்குப் பெரியமாமா.

பெரியமாமா இருப்பது இக்காஸ்டில். காரில் ஏறினால் கால் மணி நேரம். ஆனால் அண்ணனும் தம்பியும் ஆறு வருடமாகக் கதைக்கவில்லை. தன் புது வீட்டுக் குடிபுகுதலுக்கு மாமா நேரில் போய்ச் சொல்லாமல் போனில் சொல்லிவிட்டாராம், அதுதான் காரணம். எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு மாமா செப்டம்பரிலேயே நேரில் போய் அழைக்க, அவரும் மனம் இளகி மாமா வீட்டுக்கு வந்து, அந்தச் சந்தோஷத்தில் எடுத்த படம் அது. இதையெல்லாம் தர்ஷினி அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு விவரமாகச் சொன்னாளாம். நானும் "ம், ம்" என்றேனாம். அப்போது நான் கொடிக்கம்பத்தில் இருந்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தம் ஹேர்னிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஜனவரி மாதம். காலையிலேயே மாமாவின் லேப்டாப்பில் படத்தைப் போட்டுவிட்டு, அவரே திறந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். நாதஸ்வரம் அந்த லேப்டாப்பில் இருந்துதான் வரப்போகிறது, அதை மண்டபத்துப் பெரிய திரையோடு வேறு இணைக்கப்போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் "ம், ம்" என்றுதான் இருப்பேன்.)

தட்டு மாற்றும் நேரம் வந்தது. மூத்தவர் என்று பெரியமாமாவின் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்திருந்தார்கள். கெட்டிமேளத்தைத் தேடி யாரோ லேப்டாப்பில் எதையோ மூட, திரையில் இரண்டு ஆள் உயரத்துக்கு என் கலைப்படைப்பு எழுந்தது.

முன்வரிசையில் இருந்த மாமியின் தங்கைதான் முதலில் கேட்டார். "அத்தான்ரை தோளிலை ஆரின்ரை கை அது?"

பார்த்தேன். மாமாவின் தோளில் நாலு விரல்கள். மாமாவின் ஜாக்கெட்டும் மண்ணிறம், விரல்களும் மண்ணிறம். நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு அது தையல் மடிப்பு மாதிரித்தான் தெரிந்தது. இப்போது ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

பெரியமாமா திரையைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அது என்ரை மோதிரம்," என்றார். "கை இருக்கு. நான் எங்கை?"

நூற்றைம்பது பேரும் திரையில் அவரைத் தேடினார்கள். "ஆர் இதைச் செய்தது?" என்று மாமா கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"இது மினிமலிசம், மாமா."

"அப்பிடியெண்டால்?" என்றார் பெரியமாமா.

"தேவையில்லாததுகளை எடுத்துப்போட்டு முக்கியமானதை மட்டும் விடுறது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பெரியமாமா தட்டை மேசையில் வைத்தார். வாசலுக்குப் போனார், காலில் சப்பாத்தைப் போட்டார், குளிர் அங்கியை மாட்டினார், போய்விட்டார். மாமா என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், "அண்ணை இல்லாமல் இண்டைக்கு ஒண்டும் நடக்காது, தம்பி" என்றார். தர்ஷினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ, அதைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்கு அனுமதி இல்லை.

என் பையில் இருந்த என்னுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வேட்டி, வெறுங்கால், வெளியே ஈரப்பனி. பெரியமாமா காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தட்டினேன். அரைவாசி இறக்கினார்.

"அழிக்கேல்லை, பெரியமாமா! எல்லாரும் புல்லுக்குக் கீழைதான் இருக்கினம்!"

"அப்ப, என்னை மண்ணுக்கை தாட்டுப்போட்டீர் எண்டு சொல்லுறீர்."

பூச்சு ஒவ்வொன்றும் தனித்தனி லேயராக இருந்தது. ஒவ்வொன்றாக நீக்கினால் பழைய படம் வரும் என்று விளங்கப்படுத்தினேன். மென்பொருள் திறக்க அதன் வழக்கமான நேரத்தை எடுத்துக்கொண்டது. என் கால்கள் என்னுடையவை இல்லை என்று ஆன பிறகு படம் வந்தது. அவசரத்தில் லேயர்களை அடியில் இருந்து, அதாவது முதலில் பூசியதில் இருந்து, தொடங்கிவிட்டேன். முதலில் குப்பைத் தொட்டி வந்தது.

"நான் இன்னும் வரேல்லை," என்றார் பெரியமாமா.

"வருவீங்கள்."

கொடிக்கம்பம் வந்தது. புல்வெட்டும் மிஷின் வந்தது.

"உதுகளுக்கெல்லாம் பிறகோ நான்?"

பற்கள் தந்தியடிக்க அடுத்த லேயரை நீக்கினேன். மச்சான் கண்ணை மூடியபடி வந்தார். பிள்ளைகள் வந்தார்கள். கடைசியாக, மோதிரக் கைக்குப் பின்னால் பெரியமாமா வந்தார், வாய் நிறையச் சிரிப்போடு. காருக்குள் இருந்த பெரியமாமா அந்தச் சிரிப்பைக் குனிந்து பார்த்தார்.

"ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன்ரை தோளிலை கை போட்டனான், தம்பி."

எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கால்களைப் பார்த்தார்.

"உள்ளுக்கு நடவும், விறைச்சுச் செத்துப்போவீர். தட்டை நான் குடுக்கிறன். ஆனால் இதை மறக்க மாட்டன்."

இரண்டையும் செய்தார்.

எட்டு மாதம் கழித்துக் கல்யாணம் முடிந்தது. பிறகு ஒரு நாள், கதவில் சரித்து நுழைக்கவேண்டிய அளவு பெரிய பார்சலோடு பெரியமாமா எங்கள் கோப்பன்ஹேகன் வீட்டுக்கு வந்தார். பிரித்தோம். தாலி கட்டும் படம். ஐயர், மாமா, மாமி, நூற்றுக்கணக்கான சனம், எல்லாரும் இருந்தார்கள். தர்ஷினி தலை குனிந்து இருந்தாள். அவள் கழுத்துக்குப் பக்கத்தில் தாலியைப் பிடித்தபடி இரண்டு கைகள் காற்றில் நின்றன. மாப்பிள்ளை இல்லை. மண்டபத்து மூலையில் ஒரு குப்பைத் தொட்டியை மட்டும் கவனமாக விட்டுவைத்திருந்தார்.

"மினிமலிசம்," என்றார் பெரியமாமா. இதற்காகவே இக்காஸ்டில் மாலைப் பள்ளியில் சேர்ந்து படித்தாராம். பூச்சு வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னுடையதைவிட நல்ல வேலை.

வரவேற்பறையில் எங்கள் ஒரே சுவர்ப்படம் அதுதான். கழற்ற தர்ஷினி விடமாட்டாள். மாமி வரும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். வீட்டுக்கு வருகிற டேனிஷ்காரர்கள் அந்தக் கைகளைக் காட்டி யாருடையவை என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எங்கள் நாலு வயது மகள் ஓடிவந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள்.