டெய்சியம்மாவின் தொடர் மனு

அரசாங்க ஆபீசுக்கு என்று ஒரு தர்மம் உண்டு. போன வாரம் சொன்ன குறையை இந்த வாரமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கேட்டவர் அதே நாற்காலியில் அதே ஆளாக உட்கார்ந்திருந்தாலும், "இன்னா விஷயம்?" என்று புதுசாகக் கேட்பார். நாமும் பேர், தெரு, புருஷன் பேர் என்று புதுசாக ஆரம்பிக்க வேண்டும். இந்த முறையை மீறி யாருக்கும் குறை தீர்ந்ததில்லை. மீறாமல் தீர்ந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் டெய்சியம்மாவின் தெருவுக்கு வரும் பைப் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. ராபர்ட்சன்பேட்டையில் தண்ணீரைக் கவனிக்க ஓர் ஆபீஸ் இருக்கிறது. எந்த ஆபீஸ் என்று பேர் சொல்ல மாட்டேன், நாளைக்கு நானும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். உடைந்த பைப் 'மேலான கவனத்துக்கு' எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுத்தவர்கள் கீழே இறக்கி வைக்கவே இல்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் குடம் சுமந்து பழகிவிட்டார்கள். டெய்சியம்மாவால் அப்படி இருக்க முடியவில்லை. ஒரே மகள் எலைனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சொந்தச் சர்ச்சில் தாலி, சொந்த வாசலில் பந்தல், மட்டன் பிரியாணி என்று டெய்சியம்மா ஆசை ஆசையாய்க் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சம்பந்தியம்மா பங்காருபேட்டையிலிருந்து வந்து பார்த்தாள். குழாயைத் திருகினாள். "கை கழுவத் தண்ணி இல்லாத வூட்ல எப்பிடிங்க பந்தி போடுவீங்க? கல்யாணத்துக்குள்ள தண்ணி வரலன்னா எங்க ஊர்லயே வெச்சிக்கலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மரியாதைதான் டெய்சியம்மாவுக்கு நெஞ்சில் தைத்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஆபீஸ் வாசலில் அட்டெண்டர் நாகேஷ் கையை நீட்டித் தடுத்தான்.

"இன்ஜினியர் சார் பிசி. பாயாசம் சீன் ஓடுது."

"'நாலு வாசல் வீடு' தானே? சார் அத ஏற்கெனவே பாத்திருப்பாரே."

"ரெண்டு தபா பாத்தாரு. இது மறுபரிசீலனை."

'நாலு வாசல் வீடு' எப்போதோ டிவியில் முடிந்துபோன சீரியல். முழுசாகப் போனில் கிடைக்கிறது என்றதும் ஊரே மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்துவிட்டது. மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறினால் பெங்களூர் வரை பெட்டி முழுக்க அதே மாமியார், அதே பாயாசம், அதே விஷம். மருமகள் குடிக்க மாட்டாள் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் டம்ளர் உதட்டுக்குப் போகும்போது பெட்டியில் ஒருத்தரும் மூச்சுவிட மாட்டார்கள்.

டெய்சியம்மாவும் அந்த ஜாதிதான். நாகேஷைத் தாண்டி உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. "பூனை தட்டி வுட்டுடும் சார்" என்றாள்.

இன்ஜினியர் விநாயக் போனை நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தார். "தெரியும்மா. தெரிஞ்ச கதையில ஒரு நிம்மதி இருக்கு. புதுசா ஒரு தலைவலி வராது பாருங்க. சரி, இன்னா விஷயம்?"

டெய்சியம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பேர், தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு வூடு சார். கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு. விடியக்காலையில அவங்கம்மா குழாயத் தொறக்கறா. தண்ணி வரல. புஸ்ஸுன்னு காத்து வருது. அந்த நேரம் பாத்து, பக்கத்து வூட்டுலேர்ந்து குடம் ரொம்பற சத்தம் கேக்குது..."

நாகேஷ் வந்து சாப்பாட்டு நேரம் என்றான். டெய்சியம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஆமேலே?" என்றார் விநாயக். பதற்றத்தில் அவருக்குக் கன்னடம்தான் வந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். ஒரு பொதுஜனத்தைப் பார்த்து அந்த ஆபீசில் இந்தக் கேள்வி எழுந்தது அதுவே முதல் தடவை.

"அடுத்த திங்கக்கிழம சொல்றேன் சார்."

அடுத்த திங்கள் விநாயக் நாற்காலி போட்டு வைத்திருந்தார். பில் கலெக்டர்கள் வந்தார்கள். டைப்பிஸ்ட் முறுக்கோடு வந்தாள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்கள். டெய்சியம்மா சொன்னாள். காத்து வந்த இடத்தில் எல்லோரும் 'புஸ்' என்றார்கள்.

கதைக்கு ஒரு வில்லி வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மா ஒரு பாவமும் அறியாதவள். அவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவள்தான். இருந்தாலும் கிட்ட இருந்தது அவள்தானே? திருட்டு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறாள் என்று டெய்சியம்மா ஒரு போடு போட்டாள். சேதி கேட்டுத் தங்கம்மா சண்டைக்கு வந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் ஆபீஸே "ஊஊ" என்று ஊளையிட்டது. தங்கம்மா ஒரு நிமிஷம் திகைத்தாள், அப்புறம் கூட்டத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்து ஊர் இவ்வளவு பேராய் நின்றது அவள் கல்யாணத்தில்கூட இல்லை. மறுவாரம் பட்டுப்புடவை கட்டி, பெரிய பொட்டு வைத்து, ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் இதை முறைப்படுத்த வேண்டியதாயிற்று. 'பொதுமக்கள் தத்தம் குறைகளை விறுவிறுப்புடனும், தக்க இடத்தில் நிறுத்தியும் சமர்ப்பிக்க வேண்டுமென இதனால் அறிவிக்கப்படுகிறது' என்று போர்டு மாட்டினார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது என்று வந்த மாணிக்கராஜைத் திருப்பி அனுப்பினார்கள்.

"உங்க மனுவுல வில்லனே இல்லையே" என்றார் விநாயக். "சாக்கடை தானா அடைச்சிக்கிச்சுன்னா யாருங்க ஒக்காந்து கேப்பாங்க?"

மாணிக்கராஜ் இரண்டு நாள் யோசித்துத் தன் மச்சானைக் காட்டிக்கொடுத்தார்.

எல்லாம் நடந்தது, பைப் மட்டும் அப்படியே கிடந்தது. டெய்சியம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், நடுவுல ஒரு ஆள அனுப்பிப் பைப்ப ஒட்ட வெச்சிட்டா..."

விநாயக் புண்பட்டுப்போனார். "கிளைமாக்ஸ அவசரப்பட்டு வெக்கக் கூடாதும்மா. பொதுமக்கள் நலனை உத்தேசிச்சித்தான் சொல்றேன்."

கல்யாண வாரம் வந்துவிட்டது. வியாழக்கிழமை தாலி. அந்தத் திங்கட்கிழமை டெய்சியம்மா ராத்திரி முழுக்கத் தூங்காத முகத்தோடு போனாள். ஆபீஸ் ஜன்னலில்கூட ஆள் தொங்கியது. அவள் கதையை எடுக்கவில்லை. கையைக் கூப்பினாள்.

"சார், கதையும் வேணா ஒண்ணும் வேணா. வியாழக்கிழம எம்பொண்ணு கல்யாணம். எங்க வூட்டு வாசல்ல அவ கல்யாணம் நடக்கணும் சார், அவ்ளோதான் என் ஆச. தண்ணி வுடுங்க."

டைப்பிஸ்ட் மூக்கை உறிஞ்சினாள். விநாயக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஃபைலை இழுத்தார், பேனா மூடியைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார். நானே பார்த்தேன் என்று சொல்கிற ஆள் ஊரில் இன்றைக்கும் நூறு பேர் இருக்கிறார்கள்.

பேனா முனை தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"அப்ப, இதோட முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"அடச்சே" என்று ஜன்னலில் ஒருத்தர் முனகினார். நாகேஷ் தலையைக் குனிந்துகொண்டான். தங்கம்மா புருவத்தை இறக்கிவிட்டு, "அப்ப நான் திங்கக்கிழமைக்கு இன்னா பண்றது?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

டெய்சியம்மா பேனாவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பேச்சை யாரும் பாதிக்கு மேல் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை, பாஸ்டர் கேட்டதில்லை. இங்கே இத்தனை முகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. 'போடுங்க சார்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "அந்தப் பைப்ப ஒடச்சது யாருன்னு இன்னும் சொல்லலியே."

விநாயக் பேனாவை மூடினார். கைத்தட்டல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் எலைன் காலிக் குடங்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். "கையெழுத்து போட்டாராம்மா?"

டெய்சியம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எலைன் முகம் சிவந்தது. கையிலிருந்த குடத்தை ணங்கென்று கீழே போட்டாள்.

"அப்ப கல்யாணம் பங்காருபேட்டையிலதானா?"

"ஆமாண்டி கண்ணு."

எலைன் திரும்பி நின்று அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்த குடத்தின் மேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அந்தப் பைப்ப யாரு ஒடச்சாங்க?"

"திங்கக்கிழம சொல்றேன். மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா," என்றாள் டெய்சியம்மா, கண்ணைத் துடைத்தபடி. "ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுங்க. எடம் கெடைக்காது."