மேடு ஏறாத என்ஜின்

ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்ததும் தன் வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓடும் என்று ரிச்சர்ட்ஸ் டவுன் பேட்டை முழுக்க ரெமிஜியஸ் சொல்லிவிட்டார். சொன்னபோது கையில் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. வாய் மட்டும்தான் இருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். முப்பது வருஷம் லேத்தில் இரும்பு கடைந்த கை சும்மா இருக்குமா? பழைய சாமான் சந்தையில் கார் வைப்பர் மோட்டார் ஒன்றைப் பிடித்தார். பிளாஸ்டிக் குழாயை அறுத்து பாய்லர் செய்தார். சிநேகிதன் பட்டறைக்குப் போய்ச் சக்கரம் ஆறையும் தானே கடைந்தார். மோட்டாருக்கு வேண்டிய பேட்டரியைப் பின்னால் ஒரு பெட்டியில் வைத்து மாட்டினார். இதில் கடையில் வாங்கிய பொம்மை ஒரு துண்டு கூடக் கிடையாது என்று பக்கத்து வீட்டு ஓஸ்வால்டிடம் மருந்து சாப்பிடுகிற மாதிரி தினம் மூன்று வேளை சொன்னார். கறுப்பும் சிவப்புமாக, முழ நீளத்துக்கு என்ஜின் எழுந்து நின்ற அன்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்து நடுவில் தண்டவாளம் போட்டு வெள்ளோட்டம். பத்தடி ஜம்மென்று ஓடிய என்ஜின், கொய்யா மரத்தடி மேட்டைப் பார்த்ததும் நின்றது. சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றியது. பிறகு கோவித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி பின்னாலேயே சறுக்கி வந்தது. நான்கு தடவை ஏற்றினார். நான்கு தடவையும் அதே கதை.

அவர் மனைவி பவுலின் சமையலறை வாசலில் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடுதாங்க காரணம். நிலம் சமமா இருந்தா சும்மாவே ஓடும்" என்றாள்.

ரெமிஜியஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் இருக்கிறது. பவுலின் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் பால் பேட்மிண்டன் டீமில் ஆடியவள். தங்கை அல்போன்சாவோடு மறுபடி ஆட வேண்டும், அந்த மேட்டை வெட்டிக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, டாக்டர் குனியவே கூடாது என்கிறார் என்று இவர் இரண்டு வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருந்தார். இப்போது எந்த முகத்தோடு மண்வெட்டியைத் தொடுவது?

யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டார். மேட்டை வெட்டுவது ரயிலுக்காக இல்லை, அவளுக்காக. மறுநாள் காபி குடிக்கும்போது, உன் ஆசையை விட என் முதுகு பெரிசா என்று உருக்கமாக ஆரம்பித்தார். பவுலின் பதறிப்போனாள். வேண்டவே வேண்டாம், உங்கள் உடம்புதான் முக்கியம் என்றாள். அவர் வற்புறுத்தினார். அவள் மறுத்தாள். கடைசியில் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். போனால் போகிறதென்று அவள் சம்மதித்தாள். ஆனால் தண்டவாளத்துக்குக் கீழே மட்டும் கொத்தினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், முழுசையும் சமன் செய்ய வேண்டும். கல்லைப் பொறுக்கி உருளை ஓட்ட வேண்டும். தண்டவாளம் நடுவில் வேண்டாம், சுற்றி ஓரமாகப் போட வேண்டும். அவள் போட்ட நிபந்தனை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார் ரெமிஜியஸ்.

"ஏமாத்திட்டேன்" என்று அன்றைக்கே ஓஸ்வால்டிடம் சுவர் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

பதினோரு நாள் வெட்டினார். மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்தார். பள்ளிக்கூட மைதானத்து உருளையைக் கெஞ்சி வாங்கிவந்து காளை மாடு மாதிரி இழுத்தார். எந்த டிஸ்க்கும் எங்கேயும் நகரவில்லை. எங்கே தண்டவாளம் போடுவது என்று பவுலினே டேப் பிடித்து அளந்து சுண்ணாம்புக்கோடு கிழித்துக் கொடுத்தாள். எவ்வளவு நல்லவள் என்று மனசு குளிர்ந்துபோனார்.

ஈஸ்டர் அன்று தெருவே திரண்டு நின்றது. ரெமிஜியஸ் ஸ்விட்சைத் தட்டினார். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கொய்யா மரத்தைத் தாண்டியது. முருங்கையைத் தாண்டியது. மூலையில் சாய்ந்து திரும்பி, நிற்காமல் ஏழு சுற்று ஓடியது. ஓஸ்வால்ட் கைதட்டினார். ரெமிஜியஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். அப்படி ஒரு சந்தோஷம் கல்யாணத்தன்று கூட வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அல்போன்சா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு மட்டை, தோளில் வலை. கம்பம் நட்டு வலை கட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "தண்டவாளத்துக்கு வெளிய விழுந்தா அவுட்" என்று பவுலின் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மனசில் ஏதோ உறுத்தியது. ரெமிஜியஸ் மெல்ல உட்கார்ந்து, என்ஜினுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து கனத்த பேட்டரியைச் சார்ஜ் போடுவதற்காகத் தூக்கினார். பவுலின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அதப் பின்னாடி பெட்டியில வெச்சதுக்குப் பதிலா என்ஜின் மேலயே வெச்சிருக்கலாமே" என்றாள்.

"எதுக்கு?"

"என்ஜின் லேசா இருந்தது. அதான் மேட்டுல வழுக்குச்சு. இந்தக் கனம் அதும்மேல இருந்திருந்தா சக்கரம் அழுந்திப் பிடிச்சு, அன்னிக்கே ஏறியிருக்கும்."

முப்பது வருஷம் லேத்தில் நின்றவர் பேட்டரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா மேடு அங்கயே இருந்திருக்கும். சரி, எழுந்திருங்க. பந்து ஓஸ்வால்ட் வீட்டுக்குள்ள போயிடுச்சு."