எதிர்வீட்டு வேப்பிலை

மூன்றாவது இருமல் தெருக்குழாய் வரைக்கும் கேட்டுவிட்டது.

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு யூஜினியா டீச்சரின் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சாதாரண நாளில் ஓர் இருமலுக்கு யாரும் திரும்பமாட்டார்கள். அது தொண்ணூற்று நான்கு செப்டம்பர் கடைசி. சூரத்தில் பிளேக் என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. இருமுகிறவர்களின் பக்கத்தில் பேருந்தில்கூட யாரும் உட்காரவில்லை.

யூஜினியாவின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

இருமியது அவள் கணவன் லூர்து பிரகாஷ். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கொள்முதல் பார்ப்பவன். ஈரோட்டுக்கு என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனவனை, முதலாளி அங்கிருந்தே சூரத்துக்கு அனுப்பிவிட்டார். நேற்றுக் காலை வந்து இறங்கியவனை அவள் தொடக்கூட இல்லை. பெட்டியோடு பின்கட்டு அறைக்குள் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அறை முழுக்கப் பழைய நோட்டுகளும் தூசியும். இருமல் தூசியால்தான் என்றான் அவன். ஆமாம், தூசிதான் என்றாள் அவள். ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பவில்லை.

"சாருக்கு என்ன டீச்சர் செய்யுது?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

யூஜினியாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. குனிந்து, வழிகிற குடத்தை நகர்த்தினாள். அதற்குள் எதிர்வீட்டு வாசலிலிருந்து மலையம்மாளின் குரல் வந்தது.

"அம்மை போடுறதுக்கு முந்தி இப்படித்தான் இருமும். எம் மகனுக்கும் நேத்து இருமுச்சுல்ல?"

மலையம்மாளின் வாசல் நிலையில் காலையிலிருந்தே வேப்பிலை தொங்கியது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் மகன் அழகு, அம்மையோடு ஊர் வந்து சேர்ந்திருந்தானாம். அவள் தெருவைக் கடந்து வந்து ஒரு கொத்து வேப்பிலையை நீட்டினாள்.

"இந்தாங்க டீச்சர். வாசல்ல சொருகுங்க. எங்க ஆத்தா மதமெல்லாம் பாக்க மாட்டா."

வரிசை இரண்டடி பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தது.

இருமலை வைத்து அம்மையைச் சொல்ல முடியாது என்பது யூஜினியாவுக்குத் தெரியும். ஏழாம் வகுப்புக்கு அவள் அறிவியல் எடுக்கிறாள். பாவம், விவரமில்லாத மனுஷி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே வேப்பிலையை வாங்கி, மாதா படத்துக்கு நேர் கீழே நிலையில் செருகினாள். ஒருவருடைய அறியாமைக்கு அவள் அவ்வளவு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே மலையம்மாள் தன் வாசற்படியில் உட்கார்ந்து விதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் தாளிக்கக் கூடாது. பத்து நாளைக்கு யாரும் உள்ளே வரக் கூடாது. சாப்பிட்ட தட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். அறைக்குள் போனால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

"மூக்குல துணியா? அது எந்த ஊரு வழக்கம்க்கா?"

"நெற்குப்பைப் பக்கம் அப்படித்தான். நம்ம மூச்சுக் காத்து ஆத்தாவுக்கு ஆகாது."

யூஜினியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் பயந்து பயந்து செய்ய நினைத்ததையெல்லாம் சாமி பேரால் செய்துகொள்ளலாம் போலிருந்தது.

தாளிப்பு இல்லாத கஞ்சி மூன்றாம் நாளே பிரகாஷைச் சாய்த்துவிட்டது.

"யூஜி, பிளேக்ல போனாலும் போறேன். ரெண்டு வெங்காயம் வதக்கிக் குடேன்" என்றான் கதவுக்குப் பின்னாலிருந்து.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். மணிக்கொரு முறை அவன் கதவை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. இருக்கிறேன் என்று அர்த்தம். மத்தியானத் தூக்கத்தில் அவன் தட்ட மறந்தால் அவள் கதவில் காதை வைத்து மூச்சை எண்ணுவாள். பதினோரு வருஷத்தில் அந்த மனிதனின் குறட்டை அவளுக்கு இனித்தது அந்த வாரம்தான்.

பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது? வீட்டில் அம்மை என்று விடுப்புக் கடிதம் அனுப்பினாள். தலைமையாசிரியை மனமிரங்கி, சும்மா இருந்தால் கவலை கூடும் என்று காலாண்டுத் தேர்வுத் தாள்களைக் கட்டாகக் கட்டி, கூடவே இரண்டு சிவப்புப் பேனாவும் வைத்து அனுப்பினார். அதோடு விட்டாரா, கடமை தவறாமல் சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு தகவல் சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை எதிர்வாசலிலிருந்து மலையம்மாள் பதற்றமாகக் கூப்பிட்டாள்.

"டீச்சர், அம்மை பாக்க நர்சு வருது. எங்க வீட்டுல பாத்தாச்சு. சாருக்கு முத்து இறங்கிருச்சா?"

முத்தா? பிரகாஷின் முகத்தில் ஐந்து நாள் தாடியைத் தவிர எதுவும் இறங்கியிருக்கவில்லை. யூஜினியா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு அறைக்குள் ஓடினாள். ஐந்து நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவனைத் தொட்டாள். கன்னத்தைப் பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. சூடு இல்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். இல்லை.

"மார்க்கைக் குறைச்சுப் போட்றாத" என்றான் அவன்.

நெற்றி, கன்னம், தாடை என்று வேகவேகமாகப் புள்ளி வைத்தாள்.

நர்ஸ் சத்தியப்பிரியா சின்னப் பெண். தனக்கு இன்னும் அம்மை போட்டதில்லை என்பதால் அறை வாசலைத் தாண்டவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"தாடையில மட்டும் என்னங்க, சரி போட்ட மாதிரி இருக்கு?"

யூஜினியா அப்போதுதான் அதைப் பார்த்தாள். கை பழக்கத்தில் போட்டுவிட்டிருந்தது.

"டீச்சர் வீட்டுக்காரவுகளுக்கு ஆத்தா அப்படித்தான் இறங்குவா" என்று தெருவாசலில் நின்றபடி மலையம்மாள் சொன்னாள். "சீக்கிரம் எழுதிக்கிட்டுக் கிளம்பும்மா. ரொம்ப நேரம் பாக்கக் கூடாது."

சத்தியப்பிரியா எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதன்பிறகு சாயங்காலம்தோறும் இரண்டு பெண்களும் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். நடுவில் எட்டடித் தெரு.

"சாருக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்லக்கா. தம்பிக்கு?"

"இல்ல. இருமல்?"

"நின்னுருச்சு."

நின்றுவிட்டது என்று கேட்டதும் மலையம்மாளின் முகம் மலர்ந்த மாதிரி, யூஜினியா தன் வீட்டில்கூட யாரையும் பார்த்ததில்லை. அந்த வெளிச்சம் அவளைக் குத்தியது. இந்த நல்ல மனுஷியிடம் நடிக்கிறேனே.

ஏழாம் நாள் மலையம்மாள் படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். வெறும் அம்மைக்கு இந்த அக்கா இப்படிப் பயப்படுகிறாளே என்று யூஜினியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெளியே சொல்லி அழக்கூடிய பயம் எவ்வளவு பெரிய வசதி. ஆனாலும் தனக்கு யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கியதையெல்லாம் அவளுக்குச் சொன்னாள். ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம். இன்றைக்குக் காய்ச்சல் இல்லை, அது போதும். அழுதால் அழுதுவிடுங்கள், பிறகு சாப்பிடுங்கள். சொல்லச் சொல்லத் தன் நெஞ்சும் லேசானது. அன்று அவளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் காலை இரண்டு வீட்டிலும் வேப்பிலை போட்ட தண்ணீர் ஊற்றினார்கள். பிரகாஷ் முற்றத்தில் நின்று முகத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிவப்பு மையைக் கழுவினான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அடுப்பில் கடுகு வெடித்தது.

வாசலில் மலையம்மாள் ஒரு கூடைத் தக்காளியோடு நின்றாள். குணமானால் தக்காளி செலுத்துவதாக முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். அழகுக்குப் பாதி, சாருக்குப் பாதி.

யூஜினியாவால் அதற்குமேல் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. அதைவிட, எதிர்வாசற்படி இனிமேல் காலியாகக் கிடக்குமே என்பதுதான் அவளைத் தயங்க வைத்தது. ஆனாலும் பொய்க்காக அந்தக் கூடை கோயிலுக்குப் போகக் கூடாது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. அவுகளுக்கு அம்மையே போடல. முகத்துல இருந்தது சிவப்பு மை. அவுக போனது ஈரோட்டுக்கு இல்ல, சூரத்துக்கு. பயத்துல உங்ககிட்டயே மறைச்சுட்டேன்."

மலையம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். பத்து நாளாகக் கடக்காத வாசலைக் கடந்து வந்து யூஜினியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர். சூரத்துல சார் ஏறுன அதே ரயில்ல, அடுத்த பெட்டியிலதான் எம் மகனும் வந்தான்."